"நடிக்கிறா" என்று சொல்வதற்கு முன்

"ஸ்கேன், மூளைக்கு எடுக்குற ஈஈஜி எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப இவ நடிக்கிறாதானே மேடம்?"

அந்த அம்மா கேட்டபோது கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தேர்வு நெருங்கினால், வீட்டில் சண்டை வந்தால் விழுந்து கைகால் வெட்டிக்கொள்ளும். பேய் ஓட்டியும் பார்த்துவிட்டார்கள்.

அவள் நடிக்கவில்லை. இது விலகல் நிலை, டிசோசியேஷன். தாங்கமுடியாத ஒன்று வரும்போது நினைவு, உணர்வு, உடல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகிறது. பிரெஞ்சு உளவியலாளர் பியர் ழானே 1889-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். எல்லோருக்கும் வலிப்பு போல வராது. "என் கையே என் கை மாதிரி இல்லை", "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குற மாதிரி இருக்கு" என்பவர்களும் உண்டு. சிலருக்கு நடந்ததே நினைவிருக்காது. சின்ன வயதில் பட்ட அடி, பாலியல் கொடுமை, தீராத பயம் பின்னால் இருக்கலாம். ஆனால் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தே தீரும் என்றில்லை.

முதல்முறை வலிப்பு வந்தால் டாக்டரிடம் போவதுதான் சரி. மூளைக் கோளாறால் வரும் வலிப்பு, இதுபோல விலகல் நிலையால் வரும் வலிப்பு, இருவகையும் ஒருவருக்கே வரலாம். அந்த நேரத்தில் செல்போனில் எடுத்த வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

விழும்போது அறைவது, கையில் சாவியைத் திணிப்பது, ஊரைக் கூட்டுவது எதுவும் வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, "நீ வீட்லதான் இருக்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

அவளுக்கு வருவதற்கு முன் காது அடைத்து, குரல்கள் தூரமாய்க் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கவே நான்கு சந்திப்புகள் ஆயின. அப்போது கண்ணை மூடி மூச்சை கவனி என்று பலர் சொல்வார்கள். இவளைப் போன்ற சிலருக்கு அதுவே இன்னும் தூரம் இழுத்துவிடும். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, எதிரே தெரிவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொன்னேன். ஃபேன், காலண்டர், அம்மாவின் பச்சைப் புடவை. எலுமிச்சையை முகர்வதும், குளிர்ந்த தண்ணீரில் கை நனைப்பதும் உதவின.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் மருந்து உதவும். மற்றபடி பேச்சுவழி சிகிச்சைதான், அதற்கு நாளாகும். அருகில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.