மூன்று லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் இன்ஜின்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, லீனியா, புண்ட்டோ. பேர் வேறு, கம்பெனி வேறு, ஆனால் இவற்றின் 1.3 டீசல் வண்டி எதையாவது பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரே இன்ஜின்தான், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பேர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது. 2003-ல் ஐரோப்பாவில் வந்த இந்த இன்ஜின், 2007-ல் ஸ்விஃப்ட் டீசலோடு நம் சாலைகளில் பெருக ஆரம்பித்தது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால் கதை முடிந்தது. ஆனால் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, பழைய கார் வாங்குகிறவர்கள் இன்றும் இதைத் தேடித்தான் போகிறார்கள். அதனால் இது எப்படி வேலை செய்கிறது, எங்கே அடி வாங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அளவுகள். 1248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 69.6 மி.மீ., அதாவது ஒரு சின்ன டீ டம்ளர் அகலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மொத்த எடை ஏறத்தாழ 130 கிலோ. சாதாரண வகையில் 4000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 4000 சுற்றில், 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே ஸ்விஃப்டின் அந்தக் காலத்து 1.3 பெட்ரோல் இன்ஜின் தந்த முறுக்குவிசை 113-தான். நாலு பேரும் டிக்கி நிறைய சாமானுமாக மேம்பாலம் ஏறும்போது டீசல் வண்டி சுளுவாக இழுக்கிறதே, அதற்குக் காரணம் இந்த வித்தியாசம். டர்போவை மாற்றி 90 குதிரைத்திறன் ஆக்கிய வகை பிறகு எர்டிகா, சியாஸ் போன்ற வண்டிகளில் வந்தது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது தெரிந்ததுதான். சிலிண்டருக்குள் வந்த காற்றை ஏறக்குறைய 18-ல் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பழைய டீசல் இன்ஜின்களில் ஒரு சுழற்சிக்குத் தேவையான டீசல் மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போகும், அது ஒரே நேரத்தில் வெடிப்பதால்தான் அந்தக் காலத்து ஜீப்புகளில் தடதடவென்று சத்தம். மல்டிஜெட் அந்த ஒரு பீய்ச்சலைப் பல துண்டுகளாக்கியது. முதலில் ஒரு கடுகைவிடச் சிறிய அளவு டீசல் போய் லேசாகத் தீ மூட்டும், அறை பதமாகச் சூடானதும் பெரும்பகுதி போகும், தேவைப்பட்டால் அப்புறமும் கொஞ்சம். 2000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர்களையும் சேர்த்து நொடிக்கு 66 முறைக்கு மேல் தீப்பற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பீய்ச்சல் என்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நொடிக்கு இருநூறு முறை திறந்து மூடுகின்றன, அதுவும் 1400 பார் வரை போகும் அழுத்தத்தில். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது சுமார் 600 மடங்கு. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருப்பதுதான் காமன் ரெயில், இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்ததில் ஃபியட்டின் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அதை பாஷ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது விற்பனைக்கு வந்தது.

இந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டரின் நுனித் துளைகள் தலைமுடி தடிமனை ஒட்டியவை, அதனால் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ வந்தாலும் தாங்காது. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைச் சர்வீஸின்போது வடித்துவிடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

டர்போ பற்றி ஒரு வார்த்தை. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இதுபோன்ற சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியவை. ஆனால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே அதைச் சுற்றவைக்கப் புகை போதாது, டர்போ இல்லாமல் பார்த்தால் இது வெறும் 1.3 லிட்டர் இன்ஜின். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திரும்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் செத்த மாதிரி நின்று, பிறகு திடீரென்று பாய்வது இதனால்தான். அது பழுது கிடையாது, முதல் கியருக்கு இறங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, உண்மையான பலவீனத்துக்கு வருவோம். டைமிங் செயின், பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி. பெல்ட் கிடையாது, செயின், ஆகவே ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள், பலர் அதை அப்படியே நம்பினார்கள். செயின் மெலிசானது, சைக்கிள் செயின் போல ஒற்றை வரிசை. அது இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் தள்ளப்படுகிறது. இன்ஜினில் இருக்கும் மொத்த ஆயிலோ 3 லிட்டரைச் சுற்றித்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, மீதி இரண்டு லிட்டர் அதே கரியையும் அதே சூட்டையும் தாங்க வேண்டும். இந்த இன்ஜினைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் இந்த 3 லிட்டரைத்தான் சொல்வேன்.

செயின் நீண்டுபோச்சு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு துளை. டீசல் இன்ஜினின் ஆயிலில் சேரும் கரித்துகள் அந்த இடுக்கில் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஒரு கண்ணிக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது, நூறு கண்ணிக்குக் கூட்டிப் பார்த்தால் 2 மி.மீ. கழற்றிய பழைய செயினையும் புதியதையும் ஒரு மெக்கானிக் என் கையில் கொடுத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடிக்கச் சொன்னார். புதியது ஸ்கேல் போல விறைப்பாக நின்றது, பழையது வாழைநார் மாதிரி தொய்ந்து தொங்கியது. எண்ணெய் படிந்த கறுப்புக் கண்ணிகளை விரலால் ஆட்டினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்தது. அதற்கு அப்புறம் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செயின் தொய்ந்தால் வால்வுகள் திறக்கும் நேரம் லேசாகப் பின்தங்கும். இன்னும் தொய்ந்தால் ஒரு பல் தாண்டிக் குதிக்கும், அல்லது அறுந்தே போகும். அப்போது பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டும் மோதும். இந்த இன்ஜினில் பல சமயம் வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர் ஆர்ம்கள் முதலில் உடைந்து அடியை வாங்கிக்கொள்கின்றன, அதனால் சிலர் குறைந்த செலவில் தப்பிவிடுகிறார்கள். தப்பாதவர்களுக்கு வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ஐரோப்பாவில் இதே இன்ஜினுக்கு 30,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்றார்கள். செயின் புகார்கள் அங்கே அவ்வளவு அதிகமாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. அங்கே கரி வடிகட்டி பொருத்திய வகைகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும், அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்து ஆயில் நிறைய இருக்கிறதே என்று நிம்மதி அடைவார்கள், ஆனால் அது நீர்த்துப்போன ஆயில். நம் ஊரில் 10,000 கி.மீ. கணக்கு இருந்ததால் கொஞ்சம் காப்பாற்றியது. நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 7,500-லேயே மாற்றிவிடுங்கள் என்பேன், செயின் மாற்றும் செலவோடு பார்த்தால் அது சில்லறை.

அடுத்தது ஈஜிஆர் வால்வு. நைட்ரஜன் ஆக்ஸைடு குறைய வேண்டும் என்பதற்காக வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் கதவு அது. புகையில் கரி, இன்ஜினின் சுவாசக் குழாயிலிருந்து ஆயில் ஆவி, இரண்டும் கலந்து தார் மாதிரி அப்பிக்கொள்கிறது. கதவு மூட முடியாமல் சிக்கினால் காற்று போதாது, இழுவை குறையும், பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை அடிக்கும். தினமும் மூன்று கிலோமீட்டர் போய்வரும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இழுவை குறைந்ததும் டர்போ போச்சு என்று யாராவது சொன்னால், முதலில் ஈஜிஆரையும், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டர்போ தானாகக் கெடுவது குறைவு. அதன் தண்டு ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது, அந்த ஆயிலும் அதே 3 லிட்டரிலிருந்து வருவது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சாப்பாட்டுக் கடை வாசலில் சாவியைத் திருகி அணைத்தால், ஆயில் வரத்து நிற்கும், சூடு மட்டும் அங்கேயே நிற்கும், தங்கிய ஆயில் கருகும். அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போனால் காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பாருங்கள், மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் அந்த வண்டி எத்தனை நாள் அப்படி ஓடியதோ தெரியாது. பிறகு வேறு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செயின் இருக்கும் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். டீசலின் வழக்கமான டக்டக் ஒரு தினுசு, டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கும் கரகர சத்தம் வேறு தினுசு. ஆயில் அழுத்தம் ஏறும் முதல் ஓரிரு நொடி லேசாகக் கேட்டு அடங்கினால் விலையைக் குறைத்துப் பேசி, வாங்கியதும் செயினை மாற்றுங்கள். அடங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் உடனே இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.