த்ராம்பஸ்: உறைகட்டி

பெங்களூரில் எந்த இதய மருத்துவமனை வராந்தாவில் நின்றாலும் உடலுக்குள் ரத்தம் உறைந்து உண்டாகும் கட்டிக்கு மூன்று பெயர் காதில் விழும். ரிப்போர்ட்டில் த்ராம்பஸ், நர்ஸ் வாயில் கிளாட், கன்னடத்தில் விளக்கினால் 'ரக்த ஹெப்புகட்டிதே'. சிவாஜிநகரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்த நம்மவர் இதை வீட்டுக்குப் போனில் சொல்லும்போது 'ரத்தக்கட்டு' ஆகிவிடுகிறது. குழப்பம் அங்கேதான். ரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடம் கன்றி வீங்குவது, புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுகிற சங்கதி. த்ராம்பஸ் ரத்தக்குழாய்க்கு உள்ளேயோ இதய அறையிலேயோ உருவாவது.

கிரேக்க மொழியில் த்ரோம்போஸ் என்றால் கட்டி, உறைந்த ரத்தம். திரண்ட பாலுக்கும் அதே சொல். கன்னட ஹெப்பு நம் உறைமோரேதான். தமிழிலும் பால் உறைகிறது, ரத்தமும் உறைகிறது. அதனால் உறைகட்டி என்பதே பொருத்தம். இன்னும் தமிழாக வேண்டுமென்றால் குருதி உறைகட்டி. பத்திரிகைகள் எழுதும் 'ரத்த உறைவு' நடக்கிற செயலைச் சொல்கிறது, உண்டான பொருளை அல்ல.

'பிளாக்' வேறு. அது தமனிச் சுவரில் பல வருடங்களாகக் கொழுப்பு படிந்து குழாய் குறுகுவது. அந்தப் படிவு வெடித்தால், அதன்மேல் நிமிடங்களில் உறைகட்டி உண்டாகும். மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

எல்லா உறைகட்டியும் ஒன்றல்ல. ரத்தம் வேகமாக ஓடும் தமனியில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மிகுந்து வெளிறியிருக்கும். ஓட்டம் தேங்கும் இடத்தில் சிவப்பணுக்கள் சிக்கிச் சிவந்திருக்கும். கட்டியைப் பிடித்து வைப்பது ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலை; இழையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இதயத் தமனி நோய் உள்ள பலரிடம் இந்த இழைகள் மெலிதாகவும் நெருக்கமாகவும் பின்னியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வலையின் கண்கள் சிறுத்துவிடுவதால், கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் நொதி உள்ளே நுழையச் சிரமப்படும். இவர்களுக்கு உறைகட்டி எளிதில் உண்டாவது ஒரு தொல்லை என்றால், சீக்கிரம் கரையாதது இன்னொன்று.

உறைகட்டி கழன்று வேறிடம் போய் அடைத்தால் எம்போலஸ். கிரேக்கத்தில் அடைப்பான் என்ற பொருள் இதற்கு உண்டு. இந்தச் சொல்வழக்கை 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. 'பெயர்ந்த உறைகட்டி' என்றால் யாருக்கும் புரியும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இடது மேலறையில் உண்டாகும் கட்டி இப்படிக் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அப்புறம் அந்த 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை'. அது ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. வார்ஃபரின் உறையவைக்கும் புரதங்கள் ஈரலில் முழுமையாக உருவாவதைத் தடுக்கிறது. இரண்டையும் பொதுவாக உறைவுத் தடுப்பு மாத்திரை என்றே சொல்லலாம்.