டிஃபெக்ட் என்றால் பழுது அல்ல, குறை

ஓசூர் சிப்காட் பக்கம் உதிரிபாக ஆலைச் சுவர்களில், ‘ஜீரோ டிஃபெக்ட்’ என்பதைத் தமிழாக்கி வைத்த ‘பழுதில்லா உற்பத்தியே நம் இலக்கு’ என்ற பலகையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. டிஃபெக்ட் என்பது பழுது அல்ல, குறை.

லத்தீனில் ‘டெஃபிசெரே’ என்றால் போதாமல் போதல், குறைபடுதல். டிஃபெக்ட் அங்கிருந்து வந்தது. நம் ‘குறை’க்கும் அதே பொருள். வேர்க்கதை அவ்வளவுதான்.

பழுது வேறு. ஓடிக்கொண்டிருந்தது நின்றால் பழுது. பஸ் பழுதாகித் தொப்பூர் கணவாயில் நிற்கும், பம்புசெட்டைப் பழுது பார்க்க ஆள் வருவார். அச்சிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த பிரேக் டிரம் இன்னும் சக்கரத்திலேயே ஏறவில்லையே, அது எப்படிப் பழுதாகும்? பழந்தமிழில் பழுதுக்குக் குற்றம் என்ற பொருள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் ‘நைட் ஷிப்டில் பழுது அதிகம்’ என்று ஒருவர் சொன்னால் மெஷின் நின்றதா, ரிஜெக்‌ஷன் கூடியதா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறதே!

டிஃபெக்ட், டிஃபெக்டிவ் இரண்டையும் பழுது என்றே எழுதுவது இன்னும் மோசம். ஒரு டிரம்மில் காற்றுத்துளை (வார்ப்பில் காற்று அடைபட்டு விழும் ஓட்டை), பிசிறு (துளையிட்ட ஓரத்தில் நீட்டி நிற்கும் உலோகத் துணுக்கு), அளவு தவறிய போல்ட் துளை மூன்றும் இருந்தால் குறைகள் மூன்று, குறையுள்ள உருப்படி ஒன்று. உற்பத்தியின் தரத்தைக் கண்காணிக்க அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொடங்கிவைத்த கட்டுப்பாட்டு வரைபட (கன்ட்ரோல் சார்ட்) முறையில் இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் உண்டு: குறைகளை எண்ண சி-சார்ட், குறையுள்ள உருப்படிகளின் விகிதத்துக்கு பி-சார்ட். கையேட்டில் இரண்டும் பழுது என்றிருந்தால், தர்மபுரியில் ஐடிஐ முடித்து வரும் பையன் எதை எண்ணுவான்? காற்றுத்துளை வந்தால் வார்ப்பு மணலின் ஈரத்தைப் பார்க்க வேண்டும், பிசிறு வந்தால் டிரில் மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரித்து எண்ணாமல் எதைக் குறைப்பது?

பிரித்துப் பெயரிடுவது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெரு வரும் இடத்தில் வைரத்தின் குறைகளுக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று தனித்தனிப் பெயர். அவற்றில் வடசொல் கலந்திருக்கிறது. இருக்கட்டும், ஒன்றை இன்னொன்றாக நினைக்க வழியில்லை. எனக்கு அந்தத் தெளிவு போதும். இன்றைய மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியோடு நின்றுவிடுகிறார்கள், பட்டறைக்குள் வந்து கேட்பதில்லை. பிசிறு என்று எல்லார் வாயிலும் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ‘உலோக நீட்சி’ என்று எழுதியதையும் படித்திருக்கிறேன்.

ஜீரோ டிஃபெக்ட் என்பதைக் குறையற்ற உற்பத்தி என்றும், டிஃபெக்டிவ் என்பதைக் குறையுள்ள உருப்படி என்றும் எழுதுங்கள். பிரேக்டவுனுக்கு மட்டும் பழுது இருக்கட்டும்.