கம்பத்தில் ஒட்டினால்தான் கண்ணில் படுமா?

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மின்கம்பத்தில் ‘ஓவர்லாக் டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருக்கும். ஷிப்ட், தங்குமிடம், போன் நம்பர் எல்லாம் அந்தத் துண்டுத் தாளிலேயே இருக்கும். ஐடிஐ முடித்தவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிற வேலைத் தகவல் அது ஒன்றுதான். ஆனால் அதில் இன்றைக்கான வேலை மட்டும்தான் இருக்கும், தொழில் கற்றுக்கொள்ள வழி இருக்காது.

அந்த வழி வருவது பேப்பரின் உள்பக்கத்தில், ‘தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம்’ என்று. பதினேழு வயதுப் பையன் எவன் அதைப் படிக்கிறான்? அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இதையும் நாலு வரியில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினால் யார் தடுக்கப் போகிறார்கள்!

‘ஐடிஐ சேர்த்தினா அதோட படிப்பு நின்னு போயிருமுங்க’ என்று சொல்லாத அப்பா குறைவு. நிற்காது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தகவல் வராத இடத்துக்கு ஏஜென்ட் வந்துவிடுகிறார். பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், நகையை அடகு வைத்து ஆறு மாத டிப்ளமோ படிக்க வைத்திருக்கிறார், லேமினேட் செய்த சான்றிதழில் தங்கக் கலர் பார்டர், சிங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்று, ஆனால் தொழிற்பயிற்சிக்கு அங்கீகாரம் தருகிற மத்திய, மாநில அமைப்புகளான என்சிவிடி, எஸ்சிவிடி என்ற எழுத்து தேடியும் இல்லை. ‘கவர்மெண்ட் மாதிரியேதானுங்க சார் இருக்குது’ என்றார் அந்த அம்மா. பையன் தலையைத் தூக்கவே இல்லை. பணம் கட்டும் முன்னால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள், கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஈரோட்டில் கனரா வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் சாப்பாடும் போட்டு இலவசமாகத் தொழில் சொல்லிக் கொடுக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்களுக்கே அது தெரியவில்லை.

இன்னொன்று அப்ரண்டிஸ், அதாவது கம்பெனிக்குள்ளேயே இருந்து தொழில் பழகுகிற பயிற்சி. 1961ஆம் வருடச் சட்டம், இப்போதைய விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும். கோவையில் பம்பு கம்பெனி, பவுண்டரி, மெஷின் ஷாப் என்று அப்படி எத்தனை இருக்கின்றன! கேட்டில் போய் ‘ஹெல்பர் வேலை இருக்குங்களா’ என்று கேட்கிற பையன் ‘அப்ரண்டிஸ் எடுக்கறீங்களா’ என்றும் கேட்கலாம். சரி, எடுத்துக்கொண்டார்கள் என்றே வையுங்கள், பெயருக்கு அப்ரண்டிஸ் என்று சொல்லி லோடு இறக்க விடுகிற இடங்களும் உண்டு. அதனால் அரசு இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள், கடைசியில் தேர்வு எழுதுவதும் சான்றிதழ் வாங்குவதும் அதை வைத்துத்தான்.