குழாய் எந்த ஆழத்தில் நசுங்கும்?

பிளாஸ்டிக் சோடாப் போத்தல் உள்ளே வாயு பலமாக அமுக்கினாலும் தாங்கும். அதையே காலியாக்கி வாயில் வைத்து உறிஞ்சினால் 'டப்' என்று ஒடுங்கிவிடும். உள்ளிருந்து தள்ளும் அமுக்கம் சுவரை இழுத்து வட்டமாக்குகிறது. வெளியிலிருந்து வருவதோ, இருக்கிற சிறு கோணலை வளர்த்து மடித்துவிடுகிறது. நீர்மூழ்கிக்கு நேர்வது இதுதான். நீர்மூழ்கியை வடிவமைக்க எடுக்கும் மென்பொருளுக்கு இந்த மடிப்பைக் கணக்கிடத் தெரியாவிட்டால், அது எவ்வளவு அழகாகப் படம் காட்டி என்ன பயன்?

மட்டக்களப்பில் ஒருவர் ஹாட்வெயார் கடைக் குழாயை வைத்து ஆளில்லாத சிறு நீர்மூழ்கி செய்கிறார் என்று வையுங்கள். (ஆள் ஏறுவது வேறு கதை, அதற்கு இந்தக் கட்டுரை போதாது.) 110 மி.மீ. பிவிசி குழாய், சுவர் 3 மி.மீ. பிவிசியின் வலிமையை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 250 மீற்றர் தாங்கும் என்று விடை வரும். மடிப்புக் கணக்குப் போட்டால் 15 மீற்றர்தான்! 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் கரைக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. முதல் விடையை நம்பி அங்கே அனுப்பினால் குழாய் பாதி வழிகூடப் போகாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மடிப்பைத் தடுப்பது பொருளின் வலிமை அல்ல, விறைப்பு. விறைப்பை அளப்பது யங்கின் மட்டு, ஏ.எல். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிவிசிக்கு அது சுமார் 3 கிகாபஸ்கால், உருக்குக்கு 200. அத்தோடு தடிப்பை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் கனமும் (அதையே மூன்று தரம் பெருக்கியது) சேர்கிறது. சுவர் இரு மடங்கானால் தாங்கும் ஆழம் எட்டு மடங்கு. தடித்த குழாய் கிடைக்காவிட்டால் உள்ளே இடைவெளி விட்டு வளையங்கள் ஒட்டலாம்.

இந்த அளவுக்கு லிப்ரே ஒபிஸ் விரிதாளே போதும். எடைக் கணக்கையும் அதிலேயே வையுங்கள். ஒரு மீற்றர் குழாய் 9.5 லீற்றர் நீரை விலக்கும். மாரியில் உவர்ப்புக் குறைந்த மட்டக்களப்பு வாவியில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கச் சமன்செய்த குழாய், கடலில் கால் கிலோ கூடுதலாக மிதக்கும்.

வளையம், மூடி, துளை என்று வந்தபின் சூத்திரம் கைவிடும். அப்போது ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருள். இலவசம், கால்குலிக்ஸ் என்ற, கணக்கைத் தீர்த்துத் தரும் நிரலும் அதனோடு வேலை செய்யும். பகுப்பாய்வில் மடிப்பு (buckling) வகையைத் தெரிவுசெய்து, ஒரு பார் அமுக்கம் கொடுங்கள், அதாவது 10 மீற்றர் ஆழத்து நீர் தரும் அமுக்கம். பெருக்கு எண் ஒன்று வரும், 1.5 என்றால் 15 மீற்றர். முதலில் வெறும் குழாயைக் கொடுத்துப் பாருங்கள், விடைதான் நமக்குத் தெரியுமே. எண் மிக உயர்ந்து வந்தால் கணக்கிடுவதற்காகக் குழாயைப் பிரிக்கும் கட்டங்களைப் பெரிதாக வெட்டியிருக்கிறீர்கள், சுவர் பொய்யாக விறைத்துவிட்டது.

நீரோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோமும் இலவசம்தான். நடைவேகத்தில் போகும் குழாய்க்கு அது மினக்கேடு. காசு மென்பொருளின் இலவசப் பதிப்பு என்றால், மடிப்புப் பகுப்பாய்வு பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் குழாயை முழு வட்டமாக நினைக்கின்றன. கடை வாசலில் வெயில் காய்ந்த குழாய் அப்படி இருக்காது. வரும் ஆழத்தில் பாதியைக்கூட நான் நம்பமாட்டேன். வாவி சில மீற்றர்தான், அங்கே பயமில்லை. முகத்துவாரம் தாண்டுவதானால் மூடிய வெறும் குழாயில் கல்லைக் கட்டி, கயிற்றில் இறக்கி, ஒரு மணிநேரம் விட்டுத் தூக்குங்கள். கமெராவும் பற்றரியும் அப்புறம்.