செத்த ஆற்றுவாழை குடிக்கும் ஒட்சிசன்

நீரில் மிதந்து பரவும் ஆற்றுவாழைக்கு (ஆகாயத்தாமரை) களைநாசினி விசிறி ஒன்றிரண்டு கிழமை கழித்து ஒரு விடியலில் குளத்து மீன் செத்து மிதந்தால், பழி மருந்தின் மேல் விழும். பெரும்பாலும் மீனைக் கொன்றது அழுகும் களைதான்.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் 2500 சதுர மீற்றர் பரப்பும் சராசரி 1.2 மீற்றர் ஆழமும் கொண்ட சிறு குளம் என்று வையுங்கள். 3000 கன மீற்றர் நீர். கன மீற்றருக்கு 6 கிராம் கரைந்த ஒட்சிசன் என்றால் முழுக் குளத்திலும் 18 கிலோதான். நமது வெக்கையில் நீர் 30 பாகையைத் தொட்டால், தானாகக் கரைவதும் ஏழரைக் கிராமோடு நின்றுவிடும். பாதிக் குளத்தை அடர்ந்த ஆற்றுவாழை மூடியிருந்தால், சதுர மீற்றருக்கு 20 கிலோ வீதம் 25 தொன் பச்சை. அதில் 95 சதவீதம் நீர். மிச்சம் 1250 கிலோ. அது முழுதாய் அழுக, ஏறக்குறைய அதே எடை ஒட்சிசன் வேண்டும். இருப்பதோ 18 கிலோ! காற்றிலிருந்து கரைவதையும் மிதக்கும் சருகு தடுக்கிறது. இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியுமுன் நிலைமை மிக மோசம். கன மீற்றருக்கு 2 கிராமுக்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

எது கொன்றது என்பதை விராலும் பனையேறியும் காட்டிக்கொடுக்கும். இரண்டும் காற்றைச் சுவாசிப்பவை. அவை தப்பி, மற்ற மீன்கள் செத்தால் ஒட்சிசன் குறைவு. விசிறிய சில மணித்தியாலத்தில் எல்லா இனமும் செத்தால் மருந்தையே சந்தேகிக்க வேண்டும். கிளைபோசேட் என்ற களைநாசினியின் வயலுக்கான சில கலவைகளில், இலையில் ஒட்டச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள் செவுளைத் தாக்கும். கிளைபோசேட்டை விட அதுதான் மீனுக்கு ஆபத்து. ஆகவே நீர்நிலைக்கென அனுமதித்த கலவை தவிர வேறெதையும் குளத்தில் தெளிக்கக் கூடாது.

முதலில் இழுத்தெடுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆற்றுவாழை கிழக்குக் கரையில் ஒதுங்கும். கயிறு கட்டி இழுக்க அதுவே நேரம். மழை திரும்ப அடித்து வராத தூரத்தில் குவியுங்கள். மிஞ்சியதற்கு மட்டும் மருந்து: ஒரு முறைக்குக் களையின் கால்வாசி, கரையிலிருந்து உள்நோக்கி, மீன் ஒதுங்க இடம் வேண்டும். அடுத்த பகுதிக்கு இரண்டு கிழமை பொறுங்கள். விடியலில் ஒட்சிசன் 4 கிராமுக்குக் கீழென்றால் தொடவே வேண்டாம். நீர் வற்றிய நாட்களிலும் அப்படித்தான். உன்னிச்சை போலக் குடிநீர் தரும் குளங்களில் மருந்து என்ற பேச்சே கூடாது.

விதை சேற்றில் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். குளம் வற்றி மாரியில் திரும்ப நிறையும்போது கரையோரம் முளைக்கும் குஞ்சுச் செடிகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.