வளர்ச்சிக் காரணி: யூரியாவா, விதானையா?

செயற்கை இடுப்பு மூட்டைப் பற்றிய கையேடு ஒன்றைப் படித்துவிட்டு, அக்கரைப்பற்றுப் பெரியப்பா கேட்டார்: "இந்த வளர்ச்சிக் காரணி என்பது எலும்புக்குப் போடும் யூரியாவா, மகன்?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிழை சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'ஃபாக்டர்', 'செய்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. செய்பவர் என்பதே அதன் முதற்பொருள். நாமோ 'காரணம்' என்ற வடசொல்லிலிருந்து காரணியை ஆக்கிக்கொண்டோம். கணிதத்தில் அது நன்றாகவே ஓடுகிறது: 3, 4 ஆகியவை 12இன் காரணிகள். உடலியலில்தான் இடறுகிறது. காரணம் இருந்தால் காரியம் தானாக நடந்துவிடும் என்று காது நம்பிவிடுகிறது.

உண்மையில் வளர்ச்சிக் காரணி உணவும் அல்ல, உரமும் அல்ல. உடலின் ஒரு கலம் (உயிரணு) இன்னொரு கலத்துக்கு அனுப்பும் புரதச் செய்தி. பெருகு, இடம்பெயர், என்பை (எலும்பை) ஆக்கும் கலமாக மாறு என்று ஏவுகிறது. வயல்வேலைகளை மேற்பார்க்கும் விதானை, வட்டைக்குள் (வயற்பரப்புக்குள்) இறங்கி உழுவதில்லை. உழவேண்டியவர்களை வேலைக்கு அழைப்பவர் அவர். அதே வேலைதான் இதுவும்.

1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தால் சுண்ணச்சத்து நீக்கிய என்பை விலங்கின் தசைக்குள் வைத்தார். என்பே இல்லாத இடத்தில் புதிய என்பு உருவாயிற்று! அந்த ஏவலைச் செய்த புரதத்தை 'என்புருவாக்கப் புரதம்' எனலாம். (எலும்பை என்பு என்பது நம் பாடநூல் வழக்கு, குறளிலும் என்புதான்.)

சீமெந்து இடாமல் பொருத்தும் செயற்கை மூட்டில், உலோகத்தின் மேல் என்பு வளர்ந்து பற்ற வேண்டும். மூட்டு அசைந்துகொண்டிருந்தால் என்புக்குப் பதில் நார்த்திசு படரும். உலோகத்துக்கும் என்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை என்பால் விரைவாக நிரப்பத்தான் உலோகத்தின் மேல் இப்புரதங்களைப் பூசிப் பார்க்கிறார்கள். வெறுமனே இட்டால் குருதியோடு போய்விடும். பிடித்துவைக்க ஒரு தாங்கி தேவை. அளவு மிஞ்சினால் வேண்டாத இடத்திலும் என்பு முளைக்கும், இருக்கும் என்பும் அரிபடலாம். அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்பு இணைப்புக்கு இவற்றில் ஒன்று அனுமதி பெற்றது. மூட்டு மாற்றத்தில் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

சரியான சொல்? 'ஊக்கி' இரசாயனவியலுக்குப் போய்விட்டது. நான் 'வளர்தூண்டி' என்பேன். விளக்கைத் தூண்டும் கோல் எண்ணெயும் அல்ல, திரியும் அல்ல. வாவிக்கரை வாசகர்களுக்குத் தூண்டில் நினைவுக்கு வந்தால் வரட்டும். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் காரைதீவுக்காரர். சொல்லை மாற்றிப் பார்க்க நமக்குக் கூச்சம் எதற்கு?

விதானைக் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "விதானை கூப்பிட்டும் வெள்ளாமைக்காரர் வராவிட்டால்?" என்றார். முதிய என்பில் பல வேளைகளில் அதுதான் நடக்கிறது: அழைப்புக்குச் செவிகொடுத்து என்பாக்கும் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்கள் வயதோடு குறைந்துவிடுகின்றன.